உட்காருவதற்கு ஒரு சிகரெட்

அந்தச் சலவைக்கூடத்தில் உட்கார வேண்டுமென்றால் கையில் நெருப்பு இருக்க வேண்டும். இதை யாரும் சுவரில் எழுதி ஒட்டியதில்லை. வேலைக்குச் சேருகிற அன்று யாரும் கூப்பிட்டு வைத்துச் சொல்வதும் இல்லை. நாலு நாள் நின்றால் காலே சொல்லிக்கொடுத்துவிடும்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பும் விடுதிப் போர்வையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற இடம் அது. முன்னால் அழுக்குத் துணி பிரிக்கிற அறை. அதைத் தாண்டினால் துவைக்கிற மெஷின்கள், பிழிகிற மெஷின், கடைசியில் உருளை. உருளை என்றால் ஆள் நீளத்தைவிட நீளமான இரும்பு உருளை. உள்ளே நீராவி ஓடிக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் ஈர விரிப்பை இரண்டு மூலையும் இழுத்துப் பிடித்துக் கொடுத்தால் அந்தப் பக்கம் புதுக் காகிதம் மாதிரி விறைப்பாக வெளியே வரும். கொடுப்பது ஆண்கள், வாங்கி மடிப்பது பெண்கள். கொடுக்கிறவர்களும் நிற்கவேண்டும், வாங்குகிறவர்களும் நிற்கவேண்டும். உருளை நிற்காது.

பின்பக்கம் ஒரு தகரக் கதவு. திறந்தால் சாக்கடையை ஒட்டி சிமெண்டுப் படி. புகைக்கிறவர்கள் அங்கே போய் உட்காருவார்கள். ஒரு சிகரெட் எரிந்து முடிகிற வரை மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அவரும் புகைக்கிறவர்தான், புகைக்கு ஏங்குகிறவன் அவஸ்தை அவருக்குத் தெரியும். கால் வலிக்கிறவன் அவஸ்தை தெரியாது. அவருக்கு நாற்காலி இருந்தது.

உருளைக்குத் துணி கொடுக்கிறவர்களில் ஒருவரை எல்லோரும் ‘பாதி’ என்றே கூப்பிடுவார்கள். சிகரெட்டைப் பாதி புகைத்துவிட்டு, படியில் தேய்த்து அணைத்து, மீதியைக் காதில் செருகிக்கொண்டு உள்ளே வருவார். மத்தியானம் அந்த மீதியைப் பற்றவைத்து மறுபடி ஒரு தடவை உட்காருவார். ஒன்றுக்கு இரண்டு உட்காரல். அதனால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் மனைவிகூட வாயால் சொன்னதில்லை என்பதால், அது யாருக்கும் நினைவில்லாமல் போயிற்று.

மேஸ்திரி, பாதிக்குச் சித்தப்பா முறை. பாதியின் அப்பாவும் மேஸ்திரியும் அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள். நடுவில் ஒரு பித்தளை அண்டாவை யார் எடுத்துக்கொள்வது என்பதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய், பாதியின் அப்பா செத்த வீட்டில்தான் மறுபடி முகம் பார்த்தார்கள். துக்கம் கேட்க வந்த இடத்தில், “பையனை என்கிட்ட அனுப்பு” என்று மேஸ்திரி சொன்னார். அப்படிக் கிடைத்த வேலை. அதனால் அந்த மனுஷனிடம் ‘முடியவில்லை’ என்று சொல்ல பாதிக்கு நாக்கு எழுந்ததே இல்லை.

புதிதில் பாதிக்குப் புகைப் பழக்கம் கிடையாது. கல்யாணமான புதுசு. கால் வீங்கி செருப்புக்குள் நுழையமாட்டேன் என்றது. பின்படியில் ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தானும் போய் ஓரமாக உட்கார்ந்தார். மேஸ்திரி கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

“இங்க என்ன பண்றே?”

“சும்மாதான், சித்தப்பா.”

“சும்மா இருக்கறதுக்கு உன் வீடு இருக்கு. உள்ள போ. சித்தப்பான்னு வீட்டுல கூப்பிடு. இங்க நான் மேஸ்திரி.”

மறுநாள் பக்கத்தில் இருந்தவன் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக் கையில் கொடுத்தான். பாதி அதை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. முறையில் பெரியவர் எதிரே எப்படி என்ற கூச்சம் வேறு. மேஸ்திரி கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என்னடா அது, ஊதுபத்தியா? கையில புடிச்சுக்கிட்டு யாருக்குக் காட்டறே?”

படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாதி முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். இருமல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, சாக்கடையில் வாந்தி எடுத்தார். ஆனாலும் உட்கார்ந்திருந்தார். யாரும் எழுப்பவில்லை. வாந்தி எடுக்கிற வலியைவிட உட்காருகிற சுகம் பெரிதாக இருந்தது. அவ்வளவுதான். ஆசையில் பிடித்ததில்லை, சேர்க்கை கெட்டுப்போய்ப் பிடித்ததில்லை. கொஞ்ச நாளில் வாந்தி நின்றது. இன்னும் கொஞ்ச நாளில், கால் வலிக்காத ஞாயிற்றுக்கிழமையும் கை சட்டைப்பையைத் தடவ ஆரம்பித்தது.

பாதியின் மனைவி உருளைக்கு அந்தப் பக்கம். இவர் கொடுக்கிற விரிப்பை வாங்கி மடிப்பவள் அவள்தான். இவர் படிக்குப் போனால் வேறொருவன் வந்து துணி கொடுப்பான். அவள் நின்றபடியே வாங்குவாள். பெண்களுக்குப் படி கிடையாது. கையில் நெருப்பு இல்லையே.

மடிக்கிற பெண்களில் மூத்தவளுக்குப் பெரியக்கா என்று பெயர். வாய்த்துடுக்கு. ஒரு நாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நேராகப் பின்கதவைத் திறந்து, ஆண்களுக்கு நடுவே படியில் உட்கார்ந்து, பாதியின் கையிலிருந்த சிகரெட்டை வாங்கிக்கொண்டாள்.

“என்ன பெரியக்கா, இந்த வயசுல?” என்றான் உருளைக்கு நீராவி போடுகிற பாய்லர்க்காரன்.

“வயசு எனக்கு ஆச்சுடா, என் காலுக்கு அதைவிட ஜாஸ்தி ஆச்சு. கொஞ்சம் தள்ளி உட்காரு.”

மேஸ்திரியும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் மறுநாள் அவளை அழுக்குத் துணி பிரிக்கிற அறைக்கு மாற்றிவிட்டார். ஆஸ்பத்திரி விரிப்பில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் அந்தக் கதவைத் தொடவில்லை.

பாதிக்குப் பிள்ளை இல்லை. மனைவியின் தம்பிதான் பிள்ளை. மாமியார் இவர்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மாமனார் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு அவள் ஊரோடு போய்விட்டார். அக்காவின் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தவன், அப்படியே இந்த வீட்டில் தங்கிவிட்டான். பாதி அவனை ‘மாப்ளே’ என்பார், அவன் இவரை ‘மாமா’ என்பான். பிறகு அவன் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது பாதியைக் கேட்டுக் கேட்டு எல்லோருமே அவனை மாப்ளே என்று கூப்பிட, பெரியக்கா, “கூடம் பூரா மாமனார் வீடு. பொண்ணு குடுக்கத்தான் ஆளில்ல” என்பாள்.

அது கேலிதான் என்றாலும் உண்மையும்கூட. மாப்ளேக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சில் இழுப்பு. குளிர் வந்தால் உள்ளே பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் கேட்கும். பெண் பார்க்கப் போன வீட்டில் எல்லாம் இருமிவிட்டு வந்தான். அப்படிப்பட்டவனைப் பாதிதான் மேஸ்திரியிடம் சொல்லி வேலையில் சேர்த்துவிட்டார். பிழிகிற மெஷினிலிருந்து ஈரத் துணியைத் தூக்கி வண்டியில் போடுகிற வேலை. நாலே நாளில் அவன் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்திவிட்டான்.

“மாமா, என்னால ஆகாது. நான் வேற வேலை பாத்துக்கறேன்.”

வேறு வேலை எங்கே இருக்கிறது? பாதிக்கு அவனை விட மனசில்லை. தான் நின்ற நாளை நினைத்துக்கொண்டார். அங்கேதான் அவர் அந்தத் தப்பைச் செய்தார். அன்பில் செய்த தப்பு. காதிலிருந்த மீதியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

“இந்தா மாப்ளே. பத்தவச்சுக்கிட்டுப் படியில போய் உட்காரு. உள்ள இழுக்காதே. வாயில வச்சு வெளிய விட்டுடு. யாரும் கேக்கமாட்டாங்க.”

அந்தச் சலவைக்கூடத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் ஒரு மனுஷன் இழுப்புக்காரனுக்கு இப்படி ஓய்வு வாங்கிக் கொடுத்திருக்க மாட்டான்.

அவன் சட்டையை ஊறவைக்கும்போது அக்காவுக்கு வாசனை தெரிந்தது. பாதியைக் கூப்பிட்டாள்.

“யார் குடுத்தா அவனுக்கு?”

“எல்லாருந்தான் குடிக்கறாங்க.”

“நான் எல்லாரையும் கேக்கல. நீங்களா?”

“உட்கார்றதுக்குத்தாம்மா. கால் தாங்கமாட்டேங்குது அவனுக்கு. உள்ள இழுக்கச் சொல்லல.”

அவள் சட்டையைப் பிழிந்து வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

“அப்ப நான் நிக்கல? என் காலு என்ன இரும்பா?”

அவள் முழங்காலுக்குக் கீழே நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருப்பது அவருக்குத் தெரியும். படுக்கும்போது தலையணையில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஆனால் உருளைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளுடைய கால், இந்தப் பக்கம் நிற்கிறவர் கண்ணில் படுவதில்லை.

காலம் ஓடியது. பாதி பாதியாகவே இருந்தார். மாப்ளே முழுசு முழுசாக ஊதினான். உள்ளே இழுக்காமல் புகைப்பதெல்லாம் எத்தனை நாளைக்கு? சிகரெட் பெட்டிமேல் அழுகிய தொண்டையும் கறுத்த நுரையீரலும் படமாக வந்தபோது கடையில் போய், “தொண்டை வேணாம், பல்லு போட்டது குடுங்க” என்று கேட்டு வாங்கினான். கடைக்காரரும் பெட்டியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்து யாராவது பயந்தால், “மேஸ்திரியைப் பாருங்க, பல்லு முளைச்ச நாள்லேர்ந்து ஊதறாரு, கல்லு மாதிரி இருக்காரு” என்பார்கள். மேஸ்திரி நிஜமாகவே கல்லு மாதிரிதான் இருந்தார். புகை ஆளைப் பார்த்து அடிக்கிறது. யாரை என்று முன்னால் சொல்வதில்லை.

முதலில் அடித்தது பாதியை. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். விரிப்பின் மூலையை இழுக்கிறபோது மூச்சு வாங்கியது. டாக்டர் மார்பில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, “காத்து உள்ள போகுது, வெளிய வரத் தெரியல. உள்ள இருக்கற பையெல்லாம் நைஞ்சுபோச்சு. இனி சரியாகாது. இன்னும் கெடாம வேணா பாத்துக்கலாம்” என்றார். பாதி அன்றைக்கே காதிலிருந்ததை எடுத்துப் போட்டார். அதனால் படியும் போயிற்று. கெட்டுப்போன மூச்சோடு நாள் முழுக்க நின்றார். உட்காரத் தகுதி இருந்தபோது உடம்பு நன்றாக இருந்தது. உடம்பு உட்காரச் சொன்னபோது தகுதி போய்விட்டது.

“நீயும் விடு மாப்ளே,” என்று கேட்டுப் பார்த்தார்.

“விட்டுட்டு உங்களை மாதிரி நிக்கவா?” என்றான். அவன் குரல் அப்போதே கரகரவென்று இருந்தது.

அந்தக் குரலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோப்புத் தூள் ஆகவில்லை என்றார்கள், நீராவி என்றார்கள். “இப்பதான் ஆம்பளைக் குரல் வந்திருக்கு” என்று பாய்லர்க்காரன் சிரித்தான். ஒரு நாள் துப்பினதில் ரத்தம் வந்தது. அக்கா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பாதி பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு போனார்.

சின்ன வயசு டாக்டர். எழுதிக்கொண்டே கேட்டார்.

“எத்தனை வருஷமா புகைக்கறீங்க?”

“புகைக்கறதுன்னு இல்ல டாக்டர். உட்கார்றதுக்கு,” என்றான் மாப்ளே.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். புரியவில்லை. பாதிக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

தொண்டையில் புற்று என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்துக்கு நடுவில் மூச்சு விடுவதற்கு ஒரு ஓட்டை. வாயை அசைத்தால் சத்தம் வராது. அக்கா மட்டும் உதட்டைப் பார்த்தே அவன் சொல்வதைச் சொல்லிவிடுவாள். சின்னக் குழந்தையிலிருந்து பார்த்த உதடு அல்லவா. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, “இனி ஒரே ஒரு சிகரெட்கூடக் கூடாது. வியாதி திரும்பி வந்தா எடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல” என்று சொல்லியனுப்பினார்கள். அப்போதிலிருந்து பாதிக்கு நினைப்பெல்லாம் அது ஒன்றுதான்: இவன் கையில் மறுபடி நெருப்பு ஏறக்கூடாது.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல் மாப்ளே திரும்ப வேலைக்கு வந்தான். கழுத்தில் மெல்லிய துணி கட்டிக்கொண்டு, மடித்த விரிப்பை மூட்டை கட்டுகிற வேலை. நின்றுகொண்டுதான். பாதி மேஸ்திரியிடம் போனார்.

“அவனுக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் குடுங்க. உட்கார்ந்துக்கிட்டே கட்டிடுவான்.”

“அவனுக்குப் போட்டா நாளைக்கு உனக்கும் போடணும், உன் பொண்டாட்டிக்கும் போடணும். படி இருக்குல்ல? யார் வேணாம்னா?”

“படியில உட்கார்றதுன்னா பத்தவைக்கணுமே.”

“அது அவன் இஷ்டம்.”

கொஞ்ச நாள் போயிற்று. பாதி ஏதோ வேலையாகப் பின்கதவைத் திறந்தார். மாப்ளே படியில் உட்கார்ந்திருந்தான். கழுத்துத் துணியை விலக்கி, சிகரெட்டை அந்த ஓட்டையில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தான். வாய் சும்மா மூடியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. ஓட்டை வழியாகப் புகை வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவரைக் கண்டதும் மாப்ளே மறைக்கவில்லை. பக்கத்துப் படியைக் கையால் தட்டிக் காட்டினான், உட்காருங்க மாமா என்கிற மாதிரி.

பாதி உள்ளே வந்து உருளைக்குப் பக்கத்தில் நின்றார். அந்தப் பக்கம் இருந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அன்று வேலை விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேராகத் தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போனாள்.

“என் தம்பிக்கு இனி விக்காதீங்க.”

கடைக்காரர் வாழ்நாளில் ஒரு சிகரெட் தொட்டதில்லை. அவருடைய அண்ணன் இதே வியாதியில் போனவர்.

“நான் இல்லேன்னா எதிர்க் கடையில வாங்கப் போறான், அக்கா. கழுத்துல ஓட்டையோட வந்து கையை நீட்டறான். பாக்கச் சகிக்கல. குடுத்துடறேன்.”

“அப்ப எந்தக் கடையிலயும் விக்கக் கூடாதுன்னு நிறுத்தட்டும்.”

“நிறுத்தட்டுமே. நான் மிட்டாய் வித்துப் பொழைச்சுக்குவேன். ஆனா நிறுத்தமாட்டாங்க. படம் போடுவாங்க. படத்தைப் பெருசாப் போடுவாங்க. நிறுத்தமாட்டாங்க.”

“உங்களுக்கு மனசு உறுத்தலையா?”

“உறுத்துது,” என்றார் கடைக்காரர். “அதுக்காகக் கடையை மூடிட்டா என் வீட்டுல இருக்கறவங்களுக்கு யார் பதில் சொல்றது?”

சண்டை போடப் போனவள் சண்டை போடாமல் திரும்பினாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. விரிப்பில் சிகரெட் நாற்றம் அடிக்கிறது, நோயாளிகள் முகம் சுளிக்கிறார்கள் என்று. பெரிய முதலாளி படுத்த படுக்கையாகிவிட்டதால் மகன் வந்து எல்லாரையும் கூட்டினார். படித்தவர், சத்தம் போட்டுப் பேசாதவர்.

“இனிமே இந்த இடத்துல புகை கிடையாது. உங்க உடம்புக்கும் அதுதான் நல்லது.”

ஆண்கள் முணுமுணுத்தார்கள். பாய்லர்க்காரன் கொஞ்சம் உரக்கவே சொன்னான்.

“என் காசு, என் நெஞ்சு. இதுல யாருக்கு என்ன?”

“நெஞ்சு உன்னோடது. அதுலேர்ந்து வர்ற புகை எங்க மூக்குல ஏறுதே,” என்றாள் பெரியக்கா. “உன் பொண்டாட்டி ஏன் இருமறான்னு என்னிக்காவது கேட்டியா?”

“நீங்ககூட ஒரு நாள் படியில உட்கார்ந்து வாங்கினீங்களே.”

“வாங்கினேன். எதுக்காக வாங்கினேன்னு உனக்குத் தெரியும்.”

அப்போது பாதி கையைத் தூக்கினார். அவர் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை. மாப்ளேயைக் காப்பாற்ற இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்தார். மூச்சு சேர்த்துச் சேர்த்துப் பேசினார்.

“தடை பண்ணுங்க, ஐயா. ஊர் பூரா விக்கக் கூடாதுன்னு சொன்னாலும் நான் முதல் ஆளா கை தூக்குவேன். ஆனா ஒண்ணு. இங்க நிறையப் பேர் புகைக்காகப் புகைக்கல. புகைச்சாத்தான் உட்கார விடுவாங்க. அதுக்காக ஆரம்பிச்சதுதான். உட்கார விட்டுட்டா பாதிப் பேர் புகையை விட்டுடுவாங்க.”

சின்ன முதலாளி ஆச்சரியப்பட்டார். மேஸ்திரியின் பக்கம் திரும்பினார்.

“அப்படியா? இதுக்கு மட்டும் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போகுது?”

மேஸ்திரி ஏதோ கணக்குச் சொன்னார். சின்ன முதலாளி புருவத்தை உயர்த்தினார். “இத்தனை நாளா இது யாருக்கும் தெரியலையா?” என்று மெதுவாகத்தான் கேட்டார். ஸ்டூல் விஷயத்தைப் பார்க்கலாம் என்றார்.

மறுநாள் பின்கதவில் பூட்டுத் தொங்கியது. ஸ்டூல் வரவில்லை. புகையும் போயிற்று, உட்காருவதும் போயிற்று. அதுவரை யாரும் கணக்குப் பார்க்காமல் இருந்த நேரம் கணக்குக்கு வந்து, வேலையோடு சேர்ந்துகொண்டது.

“வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா?” என்று பாய்லர்க்காரன் பாதியின் முகத்துக்கு நேரே கேட்டான். மற்றவர்கள் கேட்கவில்லை, பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

மாப்ளே அவர் எதிரில் வந்து நின்று உதட்டை அசைத்தான். பாதி மனைவியைப் பார்த்தார்.

“என்ன சொல்றான்?”

அவள் தம்பியின் உதட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“‘படியையும் எடுத்துட்டீங்களா மாமா’ங்கறான்.”

தெருவுக்கு யார் பூட்டுப் போடுவது? சாப்பாட்டு வேளையில் மாப்ளே சாப்பிடாமல் பெட்டிக்கடைக்குப் போனான். கடைக்காரர் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். அதில் உட்கார்ந்து, முன்பு நாள் முழுக்கப் பிரித்து ஊதியதை அந்த ஒரு வேளைக்குள் அடுத்தடுத்து ஊதினான். பாதி அங்கேயும் போனார். பிடுங்கினார், திட்டினார், கெஞ்சினார். ஒரு தடவை தெருவில் எல்லோரும் பார்க்க அவன் காலைத் தொடக் குனிந்தார். குனிந்தவரால் மூச்சில்லாமல் நிமிர முடியவில்லை. மாப்ளேதான் அவரைப் பிடித்துத் தூக்கி அந்தப் பெட்டியில் உட்காரவைத்தான். முதுகைத் தடவிக் கொடுத்தான். தடவின கையில் சிகரெட் இருந்தது.

வியாதி திரும்பி வந்தது. சொன்னபடியே எடுப்பதற்கு ஒன்றுமில்லை. கழுத்து வீங்கி, கடைசியில் தண்ணீரும் இறங்கவில்லை. ஒரு விடிகாலையில் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். அக்கா போய்ப் பார்த்தபோது மேலே வெள்ளை விரிப்புப் போர்த்தியிருந்தது. அவள் முகத்தைத் திறந்து பார்த்தாள், மூடினாள். மூடும்போது கை தானாக விரிப்பின் ஓரத்தை நேராக இழுத்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து பாதியும் அவளும் வேலைக்குத் திரும்பினார்கள். காலை வேலை கொஞ்சம் ஓடியிருக்கும். பாதி ஒரு விரிப்பை உருளைக்குக் கொடுத்தார். அடுத்ததை எடுக்கவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினார். உருளை முனகிக்கொண்டே நின்றது. மாப்ளே கட்டி வைக்கிற மாதிரி ஒரு மூட்டை பக்கத்தில் இருந்தது, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் நின்றதும் மேஸ்திரி வந்தார்.

“என்ன ஆச்சு? மெஷின் கெட்டுப்போச்சா?”

“இல்ல.”

“பின்ன ஏன் உட்கார்ந்திருக்கே?”

“கால் வலிக்குது, சித்தப்பா.”

அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் அதைச் சொன்னதில்லை. புகைக்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள், இருமல் என்று சொல்லியிருக்கிறார்கள், பொய்யாக வயிற்றுவலி என்றும் சொல்லியிருக்கிறார்கள். கால் வலிக்கிறது என்று சொன்னதில்லை. மேஸ்திரி நின்றுபோன உருளையைத் திரும்பிப் பார்த்தார்.

உருளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாதியின் மனைவி நடந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு பெரியக்கா, அழுக்குத் துணி அறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து தரையில் காலை நீட்டினாள். இன்னும் இரண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள். ஆண்களில் ஒருவரும் உட்காரவில்லை. பாய்லர்க்காரன் தூணில் சாய்ந்து நின்றான். அவன் கை சட்டைப்பைக்குள் போய், வெளியே வந்தது.

“சாவு வீட்டுக்காரன்னு பாக்கறேன்,” என்று சொல்லிவிட்டு மேஸ்திரி போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் பாதியைக் கூப்பிட்டு, உடம்பு சரியில்லாதவரை உருளையில் நிறுத்த முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சித்தப்பா முறைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து வாசல்வரை கூட வந்தார். “நான் என்னடா பண்ணுவேன்” என்றார். அதன் பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் மறுபடி பேச்சு நின்றது. இந்தத் தடவை சேர்த்துவைக்க யாரும் மிச்சமில்லை.

இப்போது பாதியால் படுக்க முடிவதில்லை. படுத்தால் மூச்சு அடைக்கிறது. சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் தலையணையை வைத்து, அதில் கையை ஊன்றிக்கொண்டு தூங்குகிறார். பக்கத்தில் காற்றுச் சிலிண்டர். பக்கத்து வீட்டில் யாராவது பற்றவைத்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும். எழுந்து போய்ச் சண்டை போட முடியாது, ஜன்னலைச் சாத்துவார். விற்பதை நிறுத்துவார்களா என்று வருகிறவர்களைக் கேட்பார். நிறுத்தப்போகிறார்களாம் என்று யாராவது ஆறுதலுக்குச் சொன்னால், “படியை என்ன பண்ணப்போறாங்க?” என்று கேட்பார். வந்தவர்களுக்கு அது புரியாது.

மனைவி இன்னும் உருளையில்தான் இருக்கிறாள். வேறு வழியில்லை. அங்கே யாரும் ஸ்டூல் போடவில்லை, யாரும் அனுமதியும் கொடுக்கவில்லை. ஆனால் மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பி வேறு எதையோ பார்க்கிற நேரம் கொஞ்சம் இருக்கிறது. அவர் வேண்டுமென்றே பார்க்கிறாரா, வயசாகிக் கண் தெரியவில்லையா என்று பெண்களுக்குள் இரண்டு கட்சி.

அவள் வீட்டுக்குள் நுழைந்து பையை மாட்டியதும் பாதி கேட்பார். நேற்றும் கேட்டார்.

“இன்னிக்கு உட்கார்ந்தியா?”

“மத்தியானம் கொஞ்சம். பெரியக்கா உட்கார்ந்தவ என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. குறட்டை வேற.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போயிற்று. அவள் எதிரில் உட்கார்ந்து, அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அது நிற்கிறவரை காத்திருந்தாள்.